நாலடி உயர்ந்த தெரு

ஜாக்கி அக்கா கல்யாணமாகி மில் தெருவுக்கு வந்தபோது, வீட்டுக்குள் நுழைய நாலு படி ஏற வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து அதே வீட்டுக்குள் நுழைய இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. வளர்ந்ததெல்லாம் ரோடுதான்.

அவள் வந்த வருஷம் அது வெறும் மண் தெரு. அப்புறம் சரளைக் கல் கொட்டினார்கள். அதன்மேல் தார் போட்டார்கள். தார் பெயர்ந்தால் அதன் தலையிலேயே இன்னொரு தார். குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மூடினார்கள், மேலே சிமென்ட் பூசினார்கள். போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டே போனார்களே தவிர, பழையதைச் சுரண்டி எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. தெருமுனைப் பொதுக்குழாய் பட்ட பாடு இன்னும் வேடிக்கை. முதலில் அதன் கீழே அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். பிறகு குடம். பிறகு சாய்த்து வைத்த குடம். கடைசியில் ஒரு சொம்பை நுழைக்கவே குட்டிக்கரணம் போட வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த தபால் பெட்டியும் மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்கியது. தபால்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்துதான் அதைத் திறப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் மனுஷர் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்பது போலிருக்கும்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. தெருவுக்குப் பெயர் கொடுத்த எண்ணெய் மில் குடோனாகி, குடோன் போய்க் கண்ணாடி மாட்டிய சூப்பர் மார்க்கெட் வந்தது. சினிமா தியேட்டர் கட்டில் பீரோ விற்கிற கடையாகி, அப்புறம் பல் ஆஸ்பத்திரி ஆனது. பழைய பழக்கத்தில், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டே "பால்கனிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. இதெல்லாம் மேலே மேலே போக, மில் தெருவின் முப்பத்தொரு வீடுகள் மட்டும் கீழே கீழே போயின.

ஜாக்கி அக்கா என்ற பெயர் பின்னால் வந்ததுதான். அதுவரைக்கும் அவள் குமாஸ்தா சம்சாரம். அப்பாவுக்கு ஊர் எல்லையில் லாரி ரிப்பேர் ஷெட். பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் அவள் ஸ்பேனர் வைத்து விளையாடினாள். கண்ணை மூடிக்கொண்டு நட்டைத் தடவிப் பார்த்தே இன்ன நம்பர் என்று சொல்வாள். வாய்த்த மாப்பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. தன் நிழல் குறுக்கே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற ஆள். வீட்டில் பல்ப் மாற்றுவது அவள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பார்த்து, பார்த்து" என்பது அவர். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் குறையில்லை.

பக்கத்து வீட்டில் நாத்தனார் இருந்தாள். குமாஸ்தாவின் ஒரே தங்கை. நாற்பத்தைந்து வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான், அதனால் தெருவுக்கே பாப்பா. மாமனார் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி, மகனுக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாப்பாவின் புருஷன் டெய்லர், வாயில் எப்போதும் நூலைக் கடித்துக்கொண்டிருப்பதால் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பாப்பா பேசிவிடுவாள். அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடி வீட்டில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். அவ்வளவு பெரிய தொண்டை.

இருபத்தாறாம் வருஷம் ஒரு மத்தியானம் விடாமல் மூன்று மணி நேரம் மழை கொட்டியது. ரோட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் முப்பத்தொரு வீட்டுக்குள்ளும் இறங்கியது. குமாஸ்தா பள்ளிக்கூட ரிஜிஸ்டர்களை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய செருப்பு மிதந்து வாசல் வழியாக வெளியே போய், பாப்பாவின் வீட்டுக்குள் நுழைந்தது.

"அண்ணி! அண்ணனோட செருப்பு மட்டும் வந்திருக்கு. அண்ணன் எங்கே?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவர் கப்பல்ல இருக்கார். தண்ணி வடிஞ்சதும் இறங்குவார்" என்றாள் இவள், முழங்காலளவு தண்ணீரில் அரிசி டின்னைத் தலையில் தூக்கி வைத்தபடி.

வந்து பார்த்த எஞ்சினியர் ஒருவர், இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். வேறு இடத்துக்கு வாடகைக்குப் போய்விடலாம் என்றார் குமாஸ்தா. அவள் இரண்டுக்கும் தலையாட்டாமல் பஸ் ஏறி அப்பாவின் ஷெட்டுக்குப் போனாள். இப்போது அதைத் தம்பி நடத்திவந்தான். அங்கே நெல் மூட்டை நிரம்பிய லாரி ஒன்று, இறக்காத பாரத்தோடு நாலு ஜாக்கியின் மேல் நின்றுகொண்டிருந்தது. அடியில் ஒருவர் படுத்து விசில் அடித்துக்கொண்டே நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"டேய், நாலு ஜாக்கி இவ்வளவு பாரத்தைத் தூக்குதே. நூறு ஜாக்கி வச்சா என்ன தூக்கும்?"

"என்ன வேணா தூக்கும். உனக்கு என்னக்கா தூக்கணும்?"

"வீடு."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "தூரத்து ஊர்ல எங்கேயோ செஞ்சிருக்காங்கன்னு லாரிக்காரங்க பேசிக்குவாங்க. இங்கே யாரும் செஞ்சதில்லக்கா" என்றான்.

எடுத்த எடுப்பில் வீட்டில் கைவைக்க அவளுக்கும் தைரியம் இல்லை. கொல்லைப்புறக் குளியலறையைத் தூக்கிப் பார்ப்பது என்று முடிவானது. தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடித்தாள். சுவரின் அடியில் துண்டு துண்டாக உடைத்து, இரும்புச் சட்டம் நுழைத்து, எட்டு ஜாக்கி வைத்தார்கள். குளியலறை ஜன்னலில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாள். ஒரு திருகு இங்கே, ஒரு திருகு அங்கே என்று எல்லா ஜாக்கியையும் சமமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். சாயங்காலத்துக்குள் குளியலறை இரண்டடி எழும்பி நின்றது. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. தெருவே கொல்லைக்கு வந்து, ஏதோ அரண்மனையைப் பார்ப்பது போல அந்தக் குளியலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. குமாஸ்தா மட்டும் ஒரு வாரம் உள்ளே போகாமல் கிணற்றடியிலேயே குளித்தார்.

அடுத்தது வீடு. அதற்குக் குறுக்கே நின்றது நடுச்சுவர். இரண்டு வீட்டுக்கும் அது பொது. இந்தப் பக்கத்தை மட்டும் தூக்கினால் சுவர் பிளந்துவிடும். தூக்கினால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

"என் வீட்டுச் சுவர்ல ஒரு விரல் படக்கூடாது!" என்று பாப்பா கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. "லாரி தூக்குற சாமான வச்சு வீட்டைத் தூக்குறாளாம். விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் பாப்பாவே வந்து சமையலறை வாசலில் நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. பயமா இருக்கு. அப்பா கட்டின வீடு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தூக்கும்போது முப்பத்தைந்து பேர் ஜாக்கி திருகுவார்கள், எல்லோரும் ஒரே நொடியில் திருக வேண்டும், ஒரே நொடியில் நிறுத்த வேண்டும், அதற்கு ஒருத்தர் குரல் கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

"அந்தக் குரல் நீதான் குடுக்கணும் பாப்பா. நீ 'ஏத்து'ன்னா ஏத்துவோம். 'நிறுத்து'ன்னா அந்த நிமிஷமே நிறுத்துவோம். நான் சொன்னாக்கூடக் கேட்கமாட்டாங்க. உன் வீடு, உன் வாய்."

பாப்பா மூக்கை உறிஞ்சினாள். "விசில் எல்லாம் வேணாம். என் குரல் சும்மாவே ஊருக்குக் கேட்கும்" என்றாள்.

ஊரிலுள்ள லாரி ஷெட்டுகளிலிருந்தெல்லாம் ஜாக்கிகள் வந்து சேர்ந்தன. மொத்தம் நூற்றி நாற்பது. வேலை முடிகிற வரைக்கும் எந்த லாரிக்கும் டயர் பஞ்சராகக் கூடாது என்று டிரைவர்கள் கவலைப்பட்டார்கள். சாமான்களை எடுத்தாயிற்று, மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று, ஆட்கள் ஒவ்வொருவரும் நாலு ஜாக்கிக்கு நடுவில் குந்தினார்கள். புருஷன் கொண்டுவந்த பழைய பரீட்சைப் பேப்பர்களை அவள் நீளநீளமாகக் கிழித்து, சுவரில் மெல்லிய கீறல் இருந்த இடமெல்லாம் குறுக்கே பசை போட்டு ஒட்டியிருந்தாள். கீறல் பெரிதானால் காகிதம் கிழியும், உடனே தெரிந்துவிடும். அதை உள்ளே இருந்து யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று கொத்தனார் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நான் உள்ளே இருக்கேன்" என்றார் குமாஸ்தா.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஒரு மர நாற்காலியைக் கையில் எடுத்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"என்னங்க, வேணாம். வேற யாராச்சும்..."

"ரிஜிஸ்டர் பார்க்கிறதுதானே என் வேலை? இது சுவத்துல ஒட்டின ரிஜிஸ்டர். நீ தூக்குற வீட்டுக்குள்ள இருக்க எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. பாப்பா தொண்டையைக் கனைத்துவிட்டாள்.

"ஏத்து!"

தெருவே அதிர்ந்தது. நூற்றி நாற்பது ஜாக்கியும் கால் சுற்று திரும்பின. "நிறுத்து!" தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் டியூபை வைத்து நாலு மூலையிலும் மட்டம் பார்த்தாள். சரியாக இருந்தது. "ஏத்து!" மறுபடியும். தரை கீழேயே நிற்கச் சுவர்கள் மட்டும் எழும்பின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் கண்ணெதிரே ஜன்னல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

"ஜன்னல் ஏறுது! நான் அப்படியே இருக்கேன்!" என்று உள்ளிருந்து குழந்தை மாதிரிக் குரல் கொடுத்தார்.

பதினோரு மணி வாக்கில், முக்கால் அடி ஏறியிருக்கும்போது, உள்ளிருந்து வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நிறுத்தூ!" அது பாப்பாவின் குரல் இல்லை. குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அதுவரை அவருக்கே தெரியாது. குடும்பத் தொண்டைதானே, எங்கே போகும்? அண்ணன் முடிப்பதற்குள் தங்கை வாங்கித் திரும்பச் சொன்னாள். முப்பத்தைந்து பேரும் கையை எடுத்தார்கள்.

நடுச்சுவரின் பின்மூலையில் காகிதம் பாதி கிழிந்து தொங்கியது. அவள் உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே ஓடி, மண்ணில் படுத்து, அந்த மூலைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று ஜாக்கிகள் அடிப்பலகையோடு மண்ணுக்குள் புதைந்திருந்தன. என்றைக்கோ தூர்த்த பழைய கழிவுக்குழி அங்கே இருந்திருக்கிறது. யாருக்கும் நினைவில்லை. மண் பொதபொதவென்று இருந்தது. மேலே இரண்டு குடும்பத்தின் வீடு, உள்ளே புருஷன், எதிரே தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிற முகங்கள்.

"நீங்க வெளியே வாங்க!"

"நீ சரிபண்ணு. நான் காகிதத்தைப் பார்த்துக்கிறேன்" என்றது உள்ளிருந்து பதில்.

சேற்றை வழித்தெடுத்து, சரளை கொட்டி இடித்து, டெய்லர் துணி துவைக்கப் போட்டிருந்த அகலமான கருங்கல்லைப் பெயர்த்து வந்து அடியில் போட்டார்கள். டெய்லர் வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, "அது என் கல்லு" என்று மட்டும் சொன்னார். மூன்று ஜாக்கியையும் அதன்மேல் உட்காரவைத்து, மற்றவற்றுக்குச் சமமாகத் திருகி ஏற்றினார்கள். கிழிந்த காகிதத்தின் இரு முனையும் மெல்ல நெருங்கி வந்து தொட்டுக்கொண்டதை குமாஸ்தா உள்ளிருந்து நூலளவு நூலளவாக வர்ணித்தார். மறுபடியும் "ஏத்து."

நாலு நாளில் இரண்டு வீடும் நாலடி உயர்ந்தன. அடியில் செங்கல் வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஜாக்கியாக உருவி எடுத்து, உள்ளே மண் நிரப்பிப் புதுத் தளம் போட ஒன்றரை மாதம் ஆனது. நடுச்சுவரில் கீறல் விட்ட மூலையில் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் பாப்பா போய், "பூசாதீங்க. அங்கே ஒரு கதவு வையுங்க. கத்திக் கத்திப் பேச வேண்டியதில்ல" என்றாள். வைத்தார்கள். கத்துவது மட்டும் குறையவில்லை.

அடுத்த மழைக்குத் தெருவில் இருபத்தொன்பது வீட்டில் தண்ணீர், இரண்டு வீட்டில் கால் நனையவில்லை. அன்று சாயங்காலமே ஜாக்கி அக்காவின் வாசலில் வரிசை நின்றது. அந்தப் பெயரும் அன்றைக்குத்தான் பிறந்தது. லாரி ஷெட்டில் வேலை குறைந்திருந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டாள், கொத்தனாரைக் கூட்டாளி ஆக்கினாள், குரலுக்குப் பாப்பா இருக்கவே இருந்தாள்.

வேலை கஷ்டமாக இல்லை, மனுஷர்கள்தான் கஷ்டம். ரிட்டயர் ஆன போலீஸ்காரர் ஒருவர், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரை விடத் தன் வீடு ஒரு செங்கலாவது உயரமாக நிற்க வேண்டும் என்றார். அது மருந்துக்கடைக்காரர் காதுக்கு எட்டியது. அவர் இரண்டு செங்கல் கேட்டார். விஷயம் எட்டு செங்கல் வரை போனதும், ஜாக்கி அக்கா ஒரு டப்பா சிவப்புப் பெயின்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் டியூபை வைத்து மட்டம் பார்த்து, தெருவிலிருந்த மின்கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்தில் கோடு இழுத்தாள்.

"எல்லா வீட்டு நிலைவாசலும் இந்தக் கோட்டுல நிக்கும். இதுக்கு மேல ஒரு விரற்கடை வேணும்னா மொட்டை மாடியில ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்குங்க."

போலீஸ்காரர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரும் கோட்டுக்கு வந்தார். நாலு வருஷத்தில் முப்பத்தொரு வீடும் ஒரே மட்டத்தில் நிமிர்ந்து நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. வேற்றூரிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாவது வருஷம் நகராட்சிக்குப் புது எஞ்சினியர் அம்மா ஒருவர் வந்தார். சுறுசுறுப்பான பெண். ஊரின் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, மில் தெரு ரோடு மூன்றரை அடி அநியாயமாக உயர்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை பெரிய இயந்திரங்கள் வந்தன. சிமென்ட், தார், அதற்கடியில் பழைய தார், சரளை என்று அடுக்கடுக்காகச் சுரண்டி லாரியில் ஏற்றின. பொதுக்குழாயின் மேடை வெளியே வந்தது. தபால் பெட்டி தன் கால்களில் நின்றது. தபால்காரர் பழக்க தோஷத்தில் முழங்காலிட்டுவிட்டு, பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

தெரு பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டது. வீடுகள் இறங்கவில்லை. வாசற்கதவைத் திறந்தால் கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம். முதல் நாள் காலையில் பேப்பர்காரர் பேப்பரை மேல் நோக்கி வீச, குமாஸ்தா விக்கெட் கீப்பர் மாதிரிப் பிடித்தார். எல்லோரும் ஏணி வைத்து இறங்கி, நேராக ஜாக்கி அக்காவின் வாசலுக்குக் கீழே வந்து கூடினார்கள்.

"இப்போ வீட்டை இறக்கிக் குடு!" என்றார் போலீஸ்காரர், அண்ணாந்து பார்த்து.

ஜாக்கி அக்கா வாசலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமாக வந்தவர்களுக்கும் ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டது. போலீஸ்காரர்கூட மீசைக்குள் சிரித்தார்.

"எனக்கு 'ஏத்து'தான் வரும். 'இறக்கு' வராது" என்று பாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு எஞ்சினியர் அம்மாவும் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் கணக்குப் போட்ட காகிதத்தில் ரோடு இருந்தது, வீட்டுக் கதவுகள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் படி கட்டினால் அது பாதி ரோட்டை அடைத்துவிடும். ஜாக்கி அக்கா ஏணியில் இறங்கி வந்து, அவரைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடத்திக் கூட்டிப்போனாள்.

"எல்லா வாசலும் ஒரே மட்டம்மா. தனித்தனிப் படி எதுக்கு? ரெண்டு பக்கமும் வீட்டை ஒட்டித் தூண் நிறுத்தி, மேல நீளமா நடைபாதை போடுவோம். பக்கத்துக்கு ரெண்டு இடத்துல படி, ஒரு முனையில சக்கர நாற்காலி ஏறுற மாதிரி சரிவு. கீழே காலியா கிடக்கிற இடத்துல வண்டி நிறுத்திக்கலாம், சின்னச் சின்னக் கடை வச்சுக்கலாம்."

எஞ்சினியர் அம்மா நோட்டை எடுத்து அங்கேயே படம் போட்டார். திருத்தம் சொல்லச் சொல்ல அழித்து அழித்துப் போட்டார். நகராட்சியில் அது நிறைவேற எட்டு மாதம் ஆனது. அதுவரை தெரு ஏணியில் ஏறி இறங்கியது. போலீஸ்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் இடையே, ஒருவர் ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகம் வந்துவிட்டது.

இப்போது மில் தெரு இரண்டு தட்டுத் தெரு. கீழே பஸ் போகிறது. மழைத் தண்ணீர் வந்த வழி தெரியாமல் ஓடிவிடுகிறது. நடைபாதைக்கு அடியில் டெய்லர் கடை, ஒரு சைக்கிள் கடை, செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர். மேலே சாயங்காலமானால் மனுஷர்கள் காற்றாட நடக்கிறார்கள். ரிட்டயர் ஆகிவிட்ட குமாஸ்தா தினமும் எட்டுத் தடவை முனைக்கு முனை போய் வருகிறார். கைப்பிடிக் கம்பி ஓரமாகவே நடந்து, அவ்வப்போது எட்டிக் கீழே பார்க்கிற அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஜாக்கி அக்காவும் பாப்பாவும் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. இதுவரை இருநூற்றுச் சொச்சம் வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம் தூக்கியாயிற்று. போன வாரம் ஒருவர் போன் செய்தார். தன் வீட்டைத் தூக்க வேண்டியதில்லை என்றும், பின்பக்கம் புது ரோடு வந்திருப்பதால் வாசல் அந்தப் பக்கம் வரும்படி அப்படியே திருப்பிவைக்க முடியுமா என்றும் கேட்டார். பாப்பா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "பைத்தியமா இவனுக்கு?" என்று சைகை காட்டினாள்.

ஜாக்கி அக்கா மேஜை மேலிருந்த தீப்பெட்டியை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினாள். அரைவட்டம் போனதும் நிறுத்திப் பார்த்தாள்.

"சுத்திலும் எவ்வளவு இடம் இருக்குங்க?" என்றாள் போனில்.

பாப்பா எழுந்து பெட்டியில் துணி எடுத்துவைக்கப் போனாள்.